சிப்பித்துறையிலிருந்து மதில் நகரம் வரை

பிரான்சின் வடமேற்கில், பிரிட்டனி கடற்கரையில் கான்கால் என்று ஒரு சின்ன ஊர். அதன் துறைமுகக் கோடியில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், துணிப்பந்தல் போட்டுச் சிப்பி விற்கிறார்கள். ஒரு டஜன் கேட்டால், கடைக்காரர் குட்டைக் கத்தியைச் சிப்பியின் இடுக்கில் செருகி, ஒரு திருகு திருகி ஓட்டைப் பிளந்து, தட்டில் வட்டமாக அடுக்கி, பாதி எலுமிச்சையும் வைத்துத் தருவார். தட்டோடு கடற்சுவரில் போய் உட்கார வேண்டியது. எலுமிச்சையைப் பிழிந்து சதையை உப்புநீரோடு உறிஞ்ச வேண்டியது. வெற்று ஓட்டைக் கீழே கரையில் வீச வேண்டியது. யாரும் முறைக்க மாட்டார்கள். சுவருக்கடியில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடப்பதெல்லாம் இப்படித் தின்றுபோட்ட ஓடுகள்தான். கடல் வற்றிய நேரமானால், எதிரே சேற்றில் வரிசை வரிசையாக இரும்பு மேசைகளும், அவற்றின்மேல் வலைப்பைகளில் வளரும் சிப்பிகளும், ஊடே போய்வரும் டிராக்டர்களும் தெரியும்.

இங்கிருந்து ஒரு நடைபாதை கிளம்புகிறது. முடிவது சேன் மாலோ என்ற மதில் நகரத்தில். சாலை வழியே போனால் இரண்டு ஊருக்கும் இடையே 15 கி.மீ.தான், பேருந்து உண்டு. கடலோரமாகவே போகிறவர்களுக்கு அதுவே ஏறத்தாழ 30 கி.மீ. ஆகிவிடும். பாதை எந்த முனையையும் குறுக்கே வெட்டிப் போகாது. ஒவ்வொரு பாறைமூக்கையும் சுற்றி, ஒவ்வொரு குடாவுக்குள்ளும் இறங்கி, மறுபடி ஏறி வரும். பெரும்பாலானோர் இதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். வழி கேட்க ஆள் வேண்டாம். கல்லிலும் கம்பத்திலும் வேலிக்காலிலும் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரண்டு பட்டைக் கோடுகள் தீட்டியிருக்கும். அவை இருக்கும் பக்கம் போனால் போதும்.

அந்தக் கோடுகள் ஜி.ஆர்.34 என்ற நெடும்பாதையின் அடையாளம். மோன் சேன் மிஷெல் தொடங்கி சேன் நசேர் வரை, பிரிட்டனியின் கரை முழுவதையும் சுற்றி 2000 கி.மீ.க்கும் மேல் ஓடுகிறது அது. ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு அது இன்றும் ‘சுங்கக்காரர் பாதை’தான். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1791இல், பழைய வரிக்குத்தகை முறையை ஒழித்துவிட்டு அரசே சுங்கத்துறையை அமைத்தது. புகையிலையும் ஆங்கிலேயத் துணியும் இரவோடு இரவாகக் கரையிறங்குவதைத் தடுக்கச் சுங்கக் காவலர்கள் கடலோரமாகவே ரோந்து போனார்கள். மழையிலும் பனியிலும் அவர்கள் நடந்து நடந்து தேய்ந்ததுதான் இந்தத் தடம். அது கரையை விட்டு விலகாததற்கும் இதுவே காரணம்: படகு எந்தப் பாறை மறைவிலும் ஒதுங்கலாம் என்பதால் ஒவ்வொரு மறைவையும் எட்டிப்பார்க்கிற பாதை அவர்களுக்குத் தேவைப்பட்டது. இயற்கைக் காட்சிக்காக யாரும் இதைத் திட்டமிடவில்லை.

பின்னாளில் கடத்தல் குறைந்து, ரோந்து நின்று, தடத்தைப் புதர் மூடிப்போனது. 1968 வாக்கில்தான் நடைப்பயண ஆர்வலர்கள் அதை மீட்கத் தொடங்கினார்கள். அதற்குள் கரையோர நிலமெல்லாம் தோட்ட வீடுகளாகவும் தனியார் வேலிகளாகவும் மாறிவந்தது. 1976ஆம் ஆண்டின் கடைசி நாளில் வந்த ஒரு சட்டம் அந்தப் போக்கைத் தடுத்தது. கடலோரத் தனியார் நிலங்களில் பொதுமக்கள் நடந்துபோக 3 மீட்டர் அகலம் விட்டாக வேண்டும் என்றது அது. அதற்கு ஓராண்டு முன்பே, 1975இல், கடற்கரை நிலங்களை வாங்கிக் கட்டடம் வராமல் காக்க அரசு ஒரு தனி அமைப்பையே தொடங்கியிருந்தது. இந்த வழியில் இன்று ஒரு குடாவில் ஓட்டலோ அடுக்குமாடியோ இல்லாமல் வெறும் மணலும் புல்லும் கிடக்கிறதென்றால், பெரும்பாலும் யாரோ அதை விலைகொடுத்து வாங்கிச் சும்மா விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

கான்காலிலிருந்து வடக்கே ஏறினால் முதலில் வருவது குருவேன் முனை. கடலுக்குள் துருத்தி நிற்கும் நீண்ட பாறை. வசந்தத்தில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் முட்புதர், கோடை முடிவில் ஊதாப்பூச் செடிகள், இடையிடையே பெரணி. முனைக்கு எதிரே ‘இல் தே லாந்து’ என்ற ஒடுங்கலான தீவு. மனிதர் கால்வைக்க அனுமதியில்லாத பறவைச் சரணாலயம். நீர்க்காகங்கள் அங்கே கூடு கட்டி, இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். வானம் தெளிவாக இருந்தால் கிழக்கே விரிகுடாவின் மறுபக்கத்தில் மோன் சேன் மிஷெல் மடாலயத்தின் கூம்பு தெரியும்.

முனையைத் திரும்பியதும் கடற்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வெர்ஷே கடற்கரைக்குப் பின்னால் மணல்மேடும் ஈரநிலமும். அவற்றை ஒட்டி மாதாவுக்கு ஒரு சிற்றாலயம். கான்கால் ஆண்கள் நூற்றாண்டுக் கணக்கில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்து வரை மீன்பிடிக்கப் போனவர்கள். பல மாதங்கள் கழித்துத்தான் திரும்புவார்கள். அவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் இடம் இது. பிழைத்து வந்தவர்கள் நேர்த்திக்கடனாகக் கொடுத்த சின்னஞ்சிறு கப்பல் பொம்மைகளை உள்ளே காணலாம். ஆகஸ்ட் 15ஆம் தேதி, மாதா விண்ணேற்புத் திருநாளன்று, இங்கே யாத்திரை நடக்கிறது. வேளாங்கண்ணியில் வெள்ளியில் செய்த படகுகளைக் காணிக்கையாகப் பார்த்தவர்களுக்கு இந்த மரக்கப்பல்களின் கதையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது து கெக்லேன் குடா. பிறைவடிவ மணல், எதிரே ஒரு பாறைத்தீவு, அதன்மேல் 18ஆம் நூற்றாண்டுக் கோட்டை. ஆங்கிலேயர் வந்து இறங்கிவிடுவார்கள் என்று பயந்து கட்டிய வரிசையில் இதுவும் ஒன்று. 1959இல் இந்தக் கோட்டையைப் பாடகரும் கவிஞருமான லியோ ஃபெரே விலைக்கு வாங்கிச் சில ஆண்டுகள் குடியிருந்தார். இன்றும் அது தனியார் சொத்துதான். கடல் வற்றினால் மதிலடி வரை நடந்துபோகலாம். ஏறினால் நீந்த வேண்டும்.

‘வற்றினால், ஏறினால்’ என்ற இந்தக் கணக்கு வழி நெடுகத் துரத்திக்கொண்டே வரும். சென்னைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மீனவர்கள் தவிர மற்றவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. சேன் மாலோவில் பெரிய ஓத நாட்களில் அது 12 மீட்டரைத் தாண்டும். நாலு மாடி உயரத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் போய்விடுகிறது. காரணம் இந்த வளைகுடாவின் அமைப்பு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஓத அலை ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைகிறது. எதிரே சுவர்போல நீட்டிக்கொண்டிருக்கும் கோத்தந்தேன் தீபகற்பத்தில் மோதித் திரும்புகிறது. வரும் அலையும் திரும்பும் அலையும் ஆழமில்லாத இந்த மூலையில் சேர்ந்து எழும்புகின்றன. சூரியனும் சந்திரனும் நேர்க்கோட்டில் வரும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் கூடும்.

இந்த வலுவை வீணாக்காமல் மின்சாரமாக்கியிருக்கிறார்கள். சேன் மாலோவுக்கும் தினாருக்கும் நடுவே, ரான்சு ஆற்று முகத்தில், 1966இல் திறக்கப்பட்ட ஓத மின்நிலையம் 24 டர்பைன்களோடு 240 மெகாவாட் திறன் கொண்டது. 2011இல் தென்கொரியாவில் சிவா நிலையம் வரும்வரை உலகிலேயே பெரியது இதுதான்.

நடப்பவருக்கு இதனால் கிடைப்பது வேறு: ஒரே கடற்கரையைக் காலையில் பார்த்தவர் மாலையில் அடையாளம் காண மாட்டார். ரோத்தநெஃப் ஊரின் ‘துறை’ அப்படித்தான். கிட்டத்தட்ட நாற்புறமும் நிலம் சூழ்ந்த குடா. ஏற்றத்தில் நிறைந்த ஏரி, வற்றில் படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் மணல்வெளி.

ரோத்தநெஃபில் இரண்டு பேரை நினைக்காமல் நகர முடியாது. ஒருவர் மாலுமி ழாக் கார்த்தியே. 1534 ஏப்ரலில் இரண்டு கப்பலும் 61 ஆட்களுமாகச் சேன் மாலோவிலிருந்து புறப்பட்டுச் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவை அடைந்தவர்; கனடாவின் மீது பிரான்ஸ் உரிமை கொண்டாட வழிவகுத்தவர். அவர் வாழ்ந்த லிமொயெலு பண்ணைவீடு இப்போது அருங்காட்சியகம். இன்னொருவர் அதிகம் பயணம் போகாதவர்: அடோல்ஃப் ழூலியேன் ஃபூரே என்ற பாதிரியார். காது கேளாமல் போய், பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1890களில் இங்கே வந்து சேர்ந்தார். சுத்தியலும் உளியுமாகக் கடலோரக் கருங்கல் சரிவில் உட்கார்ந்துவிட்டார். 1910இல் இறப்பதற்குள் சுமார் 300 உருவங்கள். புனிதர்கள், பூதங்கள், கடற்கொள்ளையர், மீசைக்காரர்கள், விலங்குகள் என்று பாறையின் ஒவ்வொரு புடைப்பையும் ஒரு முகமாக்கினார். தனியாகக் கல் கொண்டுவந்து செதுக்கியதல்ல. பாறை இருந்த இடத்திலேயே, அதன் மேடுபள்ளத்துக்கேற்ப. பல முகங்களின் மூக்கும் கண்ணும் இன்று மழுங்கிவிட்டன. உப்புக்காற்று ஒரு பங்கு, நூறாண்டுக்கு மேலாக ஏறி மிதித்த கால்கள் ஒரு பங்கு.

அங்கிருந்து மேற்கே போகப் போகத் தனிமை குறைகிறது. வீடுகள் நெருங்குகின்றன, மினிக், ரோஷ்பொன் கடற்கரைகளைக் கடந்தால் சியோன். நகரத்தின் மதில் வரை ஏறத்தாழ 3 கி.மீ. நீளும் மணல். அதன் விளிம்பில் ஆள் உயரத்துக்கும் மேலான ஓக் அடிமரங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை. பெரிய ஓதம் வரும்போது அலையின் மூர்க்கத்தை இந்த மரங்கள்தான் உடைக்கின்றன. அப்படியும் தண்ணீர் சாலையில் வந்து விழும். முடிச்சும் பிளவுமாக, பாசியேறி, ஒன்றுபோல் ஒன்றில்லாத மரங்கள். அவற்றின் முடிவில் மதில் எழுந்து நிற்கிறது.

சேன் மாலோ ஒரு காலத்தில் பாறைத்தீவு. சியோன் என்ற மணல்திட்டு மட்டுமே அதை நிலத்தோடு இணைத்தது. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மதிலை, பிரான்சின் புகழ்பெற்ற கோட்டைப் பொறியாளர் வோபானின் கீழ் பணியாற்றிய கராஞ்ஜோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக்கினார். மதில்மேல் ஏறி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவர சுமார் 2 கி.மீ.; கட்டணம் கிடையாது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் வீடுகளின் இரண்டாம் மாடி ஜன்னல், கண்ணுக்கு நேரே.

மதில் மட்டும் போதாதென்று நாய்களையும் வைத்திருந்தார்கள். கடல் வற்றும்போது கப்பல்கள் மதிலுக்கு வெளியே மணலில் தரைதட்டி நிற்குமே, அவற்றை யார் காப்பது? இரவானதும் மணியடித்து வாசலைச் சாத்திவிட்டு, மூர்க்கமான காவல்நாய்களைக் கரையில் அவிழ்த்துவிடுவார்கள். விடிந்தபின் ஊதுகொம்பு ஊதித் திரும்ப அழைப்பார்கள். நூற்றாண்டுகளாக நடந்துவந்த இந்த ஏற்பாடு, 1770இல் நேரம் கடந்து வந்த ஓர் இளம் கடற்படை அதிகாரியை நாய்கள் கடித்துக் கொன்றதோடு முடிவுக்கு வந்தது.

காக்கிற அளவுக்கு ஊரில் பணம் இருந்தது. அரசனிடம் அனுமதிச் சீட்டு வாங்கி எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடிப்பது இங்கே தொழிலாகவே நடந்தது. சட்டப்படி அவர்கள் கொள்ளையர் அல்லர். பறிகொடுத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. அவர்களில் பெயர்பெற்ற சுர்கூஃபுக்கு மதிலோரப் பூங்காவில் சிலை இருக்கிறது. விரல் கடலை நோக்கி நீண்டிருக்கும். 1800 அக்டோபரில் வங்காள விரிகுடாவில் ‘கென்ட்’ என்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலைத் தன் சிறிய கப்பலால் பிடித்தவர் அவர். அடிமை வியாபாரத்திலும் ஈடுபட்டவர். இந்த ஊர்ச் செல்வத்தில் மீனும் துணியும் கொள்ளையும் மட்டுமில்லை, ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுபோன மனிதர்களின் விலையும் உண்டு.

தமிழ் வாசகர்கள் சற்று நின்று பார்க்க வேண்டிய பெயர் இன்னொன்று: மஹே தெ லா பூர்தொனே. 1699இல் இந்த மதிலுக்குள் பிறந்தவர். கிழக்கிந்திய வணிகமே சில ஆண்டுகள் சேன் மாலோ வியாபாரிகளின் கையில் இருந்தது என்பதால், இந்த ஊர்ப் பையன்களுக்குப் புதுச்சேரி ஒன்றும் எட்டாத பெயர் அல்ல. லா பூர்தொனே 1735 முதல் மொரிஷியஸின் ஆளுநர். போர்ட் லூயி துறைமுகத்தை உருவாக்கியவர். 1746 செப்டம்பரில் அங்கிருந்து கப்பல்படையோடு வந்து, சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் குண்டுவீசிப் பிடித்தார். பிடிபட்டவர்களில் ராபர்ட் கிளைவ் என்ற இளம் எழுத்தரும் ஒருவர். அவர் தப்பிக் கடலூர்ப் பக்கம் போனார். கோட்டையை 11 லட்சம் வராகனுக்கு ஆங்கிலேயரிடமே திருப்பித் தர லா பூர்தொனே பேசி முடிக்க, புதுச்சேரி ஆளுநர் டூப்ளே ஒப்பவில்லை. சண்டை முற்றியது. அக்டோபரில் அடித்த புயலில் சென்னைக்கு எதிரே நின்ற கப்பல்கள் சிதைந்தன. இந்த இழுபறி முழுவதையும் புதுச்சேரியில் இருந்தபடி அன்றாடம் எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. ஊர் திரும்பிய லா பூர்தொனேவுக்குக் கிடைத்தது பஸ்தீய் சிறை. 1751இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டு, இரண்டே ஆண்டில் இறந்துபோனார்.

ஊருக்குள் இறங்கினால் உயரமான கருங்கல் வீடுகள், செங்குத்தான கற்பலகைக் கூரைகள், நெடிய புகைபோக்கிகள். எல்லாம் அந்தக் காலத்துக் கப்பல் முதலாளிகளின் வீடுகள் என்றே முதல்முறை வருபவர் எண்ணுவார். பெரும்பாலானவற்றுக்கு வயது எண்பதைக்கூட எட்டவில்லை. 1944 ஆகஸ்டில், ஜெர்மானியப் படை சரணடைய மறுத்து இங்கே ஊன்றி நிற்க, அமெரிக்கக் குண்டுவீச்சிலும் மூண்ட தீயிலும் ஊர் அழிந்தது. மதிலுக்குள் இருந்த 865 கட்டடங்களில் நின்றவை 182. மதில் மட்டும் பெருமளவு தப்பியது. பல ஊர்கள் அந்த நாட்களில் கான்கிரீட் பெட்டிகளாக எழுந்தபோது, சேன் மாலோ வேறு முடிவெடுத்தது. கட்டடக் கலைஞர் லூயி அரெச் முன்னின்று, பழைய ஊரின் முகத்தை வைத்துக்கொண்டு புதிய ஊரைக் கட்டினார்கள். அச்சு அசலான நகல் அல்ல. தெருக்கள் சில அகலமாயின, கருங்கல் முகப்புக்குப் பின்னால் அறைகள் நவீனமாயின. 1948இல் தொடங்கி 1960 வரை நடந்த வேலை. பேராலயத்தின் கோபுரம் மீண்டும் எழும்ப 1972 ஆனது.

மதிலின் மேற்குப் பக்கம், பொன் செக்கூர் கடற்கரைக்கு எதிரே, கிராண்ட் பே என்ற பாறைத்தீவு. எழுத்தாளர் ஷத்தோபிரியான் 1768இல் இந்த ஊரில் பிறந்தவர். 1848இல் இறந்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே அங்கே அடக்கம் செய்தார்கள். ஒரு கல், ஒரு சிலுவை, பெயர் இல்லை. வற்றில் கற்பாவிய தடத்தில் நடந்தே போகலாம். தடத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டால் இறங்காதீர்கள், அங்கேயே காத்திருங்கள் என்று பலகை எச்சரிக்கிறது. காத்திருப்பு என்றால் ஆறு மணி நேரம். ஆண்டுதோறும் யாராவது இப்படி மாட்டிக்கொள்வது ஊருக்குப் பழகிப்போன சங்கதி.

அதையும் தாண்டி, நாலைந்து கி.மீ. தொலைவில் கடலில் தெரிவது செசாம்பர் தீவு. 1944இல் நகரம் ஆகஸ்ட் 17இல் விழுந்தபின்னும் தீவிலிருந்த ஜெர்மானியப் படை செப்டம்பர் 2 வரை தாக்குப்பிடித்தது. அதனால் தீவின்மேல் கொட்டிய குண்டுகளுக்குக் கணக்கில்லை. நேப்பாம் நெருப்புக் குண்டுகளும் அவற்றில் சேர்த்தி. வெடிக்காத குண்டுகள் இன்றும் மண்ணுக்குள் இருப்பதால் தீவின் பெரும்பகுதிக்குள் யாரும் நுழைய முடியாது. கடற்பறவைகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. தெற்கே பார்த்த மணற்கரைக்கும், 2018இல் குண்டு அகற்றித் திறந்த ஒரு சிறு நடைபாதைக்கும் மட்டுமே அனுமதி. கோடையில் மதிலடியிலிருந்து படகு போகிறது.

பாரிஸிலிருந்து சேன் மாலோவுக்கு நேரடி அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம் ஆகும். நடக்க ஏற்ற மாதங்கள் மே, ஜூன், செப்டம்பர். ஆகஸ்டில் வெர்ஷே மணலில்கூடத் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். காலையில் பேருந்து பிடித்துக் கான்கால் போய், அங்கிருந்து மதிலை நோக்கி நடப்பது நல்லது: பகலின் முதல் பாதியில் வெயில் முதுகில் விழும், களைத்து வந்து சேரும் இடத்தில் சோறும் படுக்கையும் இருக்கும். மழைச்சட்டை எந்த மாதத்திலும் வேண்டும். பையில் கண்டிப்பாக இருக்க வேண்டியது ஓத அட்டவணை. சுற்றுலா அலுவலகத்தில் வாங்கும்போதே அன்றைய வற்று எத்தனை மணிக்கு என்று கேட்டு, கிராண்ட் பேயை அதற்கேற்ப முன்னதாகவோ மறுநாளோ வைத்துக்கொண்டால் திட்டம் கெடாது.